பஞ்சிங் பேக்: மேலே தொங்கவிடுவதா, தரையில் நிறுத்துவதா?

கேள்வி இது: உடல் எடை 70 கிலோ. சென்னையில் மூன்றாவது மாடியில் சொந்த ஃபிளாட், 10க்கு 11 அடியில் காலியாக ஓர் அறை. வாரத்தில் நாலைந்து நாள் பாக்ஸிங், நடுவில் கொஞ்சம் கிக். சீலிங்கில் தொங்கும் பேக் வாங்கலாமா, அடியில் மணலோ தண்ணீரோ நிரப்பித் தரையில் நிறுத்தும் பேக் போதுமா?

சீலிங் கான்கிரீட் நல்ல நிலையில் இருந்தால் தொங்கவிடுங்கள். 4 அடி உயரம், 30 முதல் 35 கிலோ. டிரில் போட வழியில்லை என்றால் வெல்டிங் பட்டறையில் இரும்பு ஸ்டாண்ட் அடித்து அதில் தொங்கவிடுங்கள். அதற்கும் இடமோ அனுமதியோ இல்லாதபோதுதான் தரையில் நிற்கும் பேக். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள், டிரில் வேலைக்குப் பயந்து. அந்தப் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முதல் பத்து நிமிடத்தில் தெரியாது. தொங்கும் பேக் குத்து வாங்கியதும் விலகிப் போய்த் திரும்பி வரும். வருவதற்குள் காலை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் ஒதுங்குவது, எந்தத் தூரத்தில் அடுத்த குத்தைப் போடுவது என்பதெல்லாம் அந்த ஆட்டத்தில்தான் பழகும். நிற்கும் பேக்கின் உள்ளே பிளாஸ்டிக் தண்டு, அதைச் சுற்றி ஃபோம், மேலே ரெக்ஸின். முழு பலத்தில் ஹூக் (பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்து) போட்டால் பேக் சாயும், அடித்தளம் தரையில் கொஞ்சம் நகரும். மூன்று நிமிட ரவுண்டு முடிவதற்குள் பேக் சுவரோரம் போய் நிற்கும். நீங்கள் அதைக் கட்டிப்பிடித்துப் பழைய இடத்துக்கு இழுத்து வர வேண்டியிருக்கும். எப்போதும் நேர்க்குத்து விழும் இடத்தில் ஃபோம் நாளாவட்டத்தில் அமுங்கிவிடும், உள்ளே இருக்கும் தண்டின் கடினம் மணிக்கட்டுக்குத் தெரிய ஆரம்பிக்கும். தாழ்வான கிக்குக்கு அது ஆகவே ஆகாது. கால் எலும்பு அடித்தளத்தின் விளிம்பில் இடிக்கும்.

இனி சீலிங்குக்கு வருவோம். இதில்தான் காசும் உயிரும் இருக்கின்றன.

எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது ஃபேன் கொக்கி. அதில் மாட்டாதீர்கள். அந்தக் கொக்கி நாலைந்து கிலோ ஃபேனுக்காக வைத்தது. கம்பி ஸ்லாபின் (கூரைக் கான்கிரீட் தளத்தின்) உள்ளே எப்படி வளைத்துக் கட்டப்பட்டது என்பது கான்கிரீட் போட்ட அன்று பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். பழைய வீடுகளில் கொக்கியின் வெளியில் தெரியும் பகுதி பளபளவென்று பெயின்ட் அடித்திருக்கும், பெட்டிக்குள் நுழையும் கழுத்து துருப்பிடித்து மெலிந்திருக்கும். போதாததற்கு அதே பெட்டிக்குள்தான் வயரும் வருகிறது. பேக் ஆட ஆடக் கொக்கி வயரை உரசும். ‘என் நண்பன் மூன்று வருஷமாக ஃபேன் கொக்கியில்தான் மாட்டியிருக்கிறான்’ என்பது ஆதாரம் ஆகாது. அசையாமல் தொங்கும் சுமையை அது தாங்கலாம். 35 கிலோ பேக் ஒரு நல்ல குத்துக்கு மேலே எழும்பிச் சங்கிலி தளர்ந்து மறுபடி வெடுக்கென்று இழுக்கும்போது கொக்கியில் விழும் விசை வேறு. நிலையான எடையைப் போல குறைந்தது மூன்று மடங்கு, அதாவது 105 கிலோ என்று வைத்துக்கொண்டுதான் எந்தப் பொருத்தியையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உங்கள் அறையில் ஃபேனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 48 அங்குல ஃபேன் நடுவிலிருந்து 60 செ.மீ. சுற்றுகிறது. ஆடும் சங்கிலி அந்த வட்டத்துக்குள் வரக்கூடாது என்றால் பேக்கை நடுவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி மாட்ட வேண்டும், அப்புறம் ஒரு பக்கம் சுவர் இடிக்கும். பயிற்சி அறை என்று முடிவு செய்துவிட்டால் சீலிங் ஃபேனைக் கழற்றி வால் ஃபேன் மாட்டிவிடுங்கள். நடு இடம் பேக்குக்குக் கிடைத்தால் சுற்றி வர எல்லாப் பக்கமும் நாலடிக்கு மேல் மிஞ்சும்.

வீடுகளில் ஸ்லாப் பெரும்பாலும் 4 முதல் 6 அங்குலக் கனம்; 5 அங்குலம், அதாவது 125 மி.மீ. சகஜம். அதன் அடியில் ஒரு செ.மீ. பூச்சு. பூச்சு எதையும் தாங்காது. ஆழக் கணக்கு பூச்சைக் கழித்த பிறகுதான். சுத்தியலின் பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ‘டொக்கு’ என்று வெற்றொலி வந்தால் பூச்சு கழன்றிருக்கிறது, பேக்கைத் தாங்கும் இரும்பு பிளேட் வரும் இடத்தில் அதைச் செதுக்கி எடுத்துவிடுங்கள். துருக்கறையோ, கம்பி வாக்கில் நீளமான விரிசலோ தெரிந்தால் அந்த ஸ்லாபில் கை வைக்காதீர்கள்.

நாலு ஓட்டை உள்ள பிளேட், 10 மி.மீ. போல்ட் நாலு. விரியும் வகை ஆங்கர் (கான்கிரீட்டுக்குள் இறங்கிப் பிடிக்கும் போல்ட்) என்றால் கான்கிரீட்டுக்குள் 60 மி.மீ. இறங்க வேண்டும். சுத்தியால் உள்ளே தட்டி விரிக்கும் டிராப்-இன் வகை 10 மி.மீ. அளவில் 40 மி.மீ. நீளம்தான் இருக்கும். ஏ.சி. பைப்புக்கும் கேபிள் ட்ரேக்கும் அது போதும், தினமும் உதை வாங்கும் பேக்குக்குப் போதாது. நல்லது பசை ஊற்றி ஒட்டும் கெமிக்கல் ஆங்கர்: 12 மி.மீ. ஓட்டை, 80 மி.மீ. ஆழம், 10 மி.மீ. திரெட் ராடு (மரை வெட்டிய கம்பி). அது விரிந்து பிடிக்காமல் ஒட்டிப் பிடிப்பதால் அதிர்வில் தளர்வது குறைவு. இதில் எல்லோரும் சொதப்பும் இடம் ஓட்டையைச் சுத்தம் செய்யாமல் விடுவது. தூளோடு பசையை ஊற்றினால் பசை தூளில்தான் ஒட்டும். ஊதி, கம்பி பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். தலைக்கு மேலே பார்த்த ஓட்டை என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள். பசை இறுகும் நேரம் டியூபிலேயே எழுதியிருக்கும். இருந்தாலும் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள்.

டிரில் பாதியில் இரும்பில் முட்டினால் நிறுத்துங்கள். அது ஸ்லாபின் கம்பி. அறுத்துக்கொண்டு போகச் சொல்லும் ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள், பிளேட்டை இரண்டு அங்குலம் நகர்த்தினால் போதும். ஃபேன் பெட்டியிலிருந்து ஸ்விட்ச் போர்டு நோக்கியும் ட்யூப்லைட் புள்ளிகளுக்கும் ஸ்லாபுக்குள்ளேயே வயர் பைப் ஓடும். அந்தக் கோடுகளை மனதில் போட்டுப் பார்த்து விலகி ஓட்டை போடுங்கள், அந்த அறைக்கு வரும் மின்சாரத்தை அணைத்துவிட்டு, டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து மின்சாரம் எடுத்து. புதிய பெரிய கட்டடங்களில் ஸ்லாபுக்குள் விறைப்பாக இழுத்துப் பூட்டிய எஃகு கேபிள் இருக்கலாம். போஸ்ட் டென்ஷன் ஸ்லாப் என்பார்கள். அங்கே கேபிள் வரைபடம் இல்லாமல் ஓட்டையே போடக்கூடாது. குடியிருப்போர் சங்கத்திடமோ கட்டியவரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அறையில் பீம் கீழே தெரிகிறதா? அப்படியானால் இன்னும் நல்லது. பீமின் அடிப்பக்கத்தில் ஓட்டை போடாதீர்கள், முக்கியக் கம்பிகள் அங்கேதான் நெருக்கமாக ஓடும். 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனமுள்ள பட்டையை ‘ப’ எழுத்தைப் போல வளைத்து, பீமை அடியிலிருந்து அணைக்கிற மாதிரி வைத்து, இரண்டு பக்கவாட்டிலும் நடு உயரத்தில் இரண்டிரண்டு போல்ட் போடச் சொல்லுங்கள். சுமை போல்ட்டை வெளியே பிடுங்காமல் குறுக்கே அழுத்துகிறது. பிடுங்குவதைவிட அது பாதுகாப்பு.

ஓட்டு வீட்டில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால்: உத்திரம் திடமாக இருந்தால் அகலமான நைலான் பட்டையை அதைச் சுற்றிப் போட்டுத் தொங்கவிடலாம். கைமரத்திலோ ரீப்பரிலோ மாட்டினால் ஒவ்வொரு குத்துக்கும் ஓடு நழுவும். சென்னையின் பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில் (தேக்குக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கியது) செங்கல்லில் ஆங்கர் போடவே கூடாது. தேக்குக் கட்டை கரையான் தின்னாமல் இருந்தால் அதன் இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து நடு உயரத்தில் குறுக்குப் போல்ட் போடலாம், அதுவும் தச்சர் தட்டிப் பார்த்துச் சொன்ன பிறகு. சிமென்ட் ஷீட், தகர ஷீட் கூரைக்கு ஸ்டாண்ட்தான்.

சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பிராக்கெட்டைப் பற்றி ஒரு கணக்கு. 35 கிலோ பேக் சுவரிலிருந்து 75 செ.மீ. தள்ளித் தொங்குகிறது. மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 60 செ.மீ. என்றால் மேல் போல்ட்களைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 35 × 75 ÷ 60, கிட்டத்தட்ட 44 கிலோ. இடைவெளி 25 செ.மீ. மட்டும் உள்ள சின்னப் பிராக்கெட்டில் அது 105 கிலோ. மூன்று மடங்கு வைத்தால் 315. விலை குறைவான பிராக்கெட்டெல்லாம் இப்படிக் குட்டையாகத்தான் இருக்கின்றன, அதனால்தான் அவை சுவரைப் பெயர்த்துக்கொண்டு வருகின்றன. 9 அங்குலச் செங்கல் சுவர் என்றால் ஆங்கர் வேண்டாம். மறுபக்கம் வரை ஓட்டை போட்டு, அங்கே 15 செ.மீ. சதுர இரும்புத் தகடு வைத்து நட்டு முறுக்குங்கள். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர், ஹாலோ பிளாக், கையால் தூக்கினால் லேசாக இருக்கும் வெள்ளை ஏ.ஏ.சி. பிளாக் சுவர் மூன்றும் இதற்கு லாயக்கில்லை.

உயரத்தை வாங்கும் முன்பே கணக்குப் போடுங்கள். 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு 4 அடி பேக்கின் அடி தரையிலிருந்து சுமார் 90 செ.மீ.-ல் வந்தால் தலைக்குத்தும் உடம்புக்குத்தும் இரண்டும் சரியாக விழும். பேக்கின் மேல் விளிம்பு 212 செ.மீ. சீலிங் 10 அடி என்றால் மிச்சம் 90 செ.மீ.-க்குச் சற்றுக் கூட. பிளேட்டும் கொக்கியும் 10, ஸ்பிரிங் 15, பேக்கோடு வரும் சங்கிலி 40 முதல் 45 போக மீதியை நீட்டிக்கக் கொஞ்சம் கூடுதல் சங்கிலியோ நைலான் பட்டையோ தேவைப்படும். தொடை உயரத்தில் கிக் பழக வேண்டுமென்றால் 5 அடி பேக் எடுங்கள், அடி 60 செ.மீ.-க்கு இறங்கும். 6 அடி பேக் முவே தாய் (தாய்லாந்து கிக் பாக்ஸிங்) பழகுபவர்களுக்கானது. அது எடையையும் சீலிங்கின் வேலையையும் ஏகத்துக்குக் கூட்டும்.

சத்தம்: தொங்கும் பேக்கின் அதிர்வு ஸ்லாப் வழியாக மேல் வீட்டுக்குப் போகும், நிற்கும் பேக்கின் தடதடப்பு கீழ் வீட்டுக்குப் போகும். யாரோடு உங்களுக்குச் சுமுகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேக்கின் எடைக்கேற்ற ஸ்பிரிங் ஒன்றைக் கொக்கிக்கும் சங்கிலிக்கும் நடுவே போட்டால் உலுக்கல் நன்றாகக் குறையும். பிளேட்டுக்கும் சீலிங்குக்கும் இடையே ரப்பர் வைக்கச் சிலர் சொல்வார்கள். வைத்தால் போல்ட்டின் இறுக்கம் போய்விடும், வேண்டாம்.

இங்கே பேக் பெரும்பாலும் காலியாகவே வருகிறது, நிரப்புவது நம் வேலை. மணலை நேராகக் கொட்டிவிடாதீர்கள். ஒரு மாதத்தில் அடியில் இறங்கிக் கல்லாகிவிடும், கீழே குத்தினால் விரல் முட்டி வீங்கும், மேலே பேக் தொளதொளவென்று தொங்கும். ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் வாங்குங்கள். ஜிப், பட்டன், எலாஸ்டிக் எல்லாம் வெட்டி எறிந்துவிடுங்கள். பேக்கின் உள்சுவரில் பழைய யோகா பாயைச் சுருட்டி நிறுத்தி, துணியை ஒரு சாண் உயரம் போடுவது, உலக்கையால் இடிப்பது, மறுபடி ஒரு சாண் என்று மேலே வர வேண்டும். நன்றாக இடித்தால் 14 அங்குல விட்டமுள்ள 4 அடி பேக் சுமார் 30 கிலோ துணி வாங்கும். இன்னும் எடை வேண்டுமென்றால் உலர்ந்த மணலை ஒரு கிலோ பொட்டலமாக இரட்டைக் கவரில் கட்டி டேப் சுற்றி, துணியில் பொதிந்து, பேக்கின் நடுத்தண்டு வாக்கில் மட்டும் வையுங்கள். ஐந்து பொட்டலம் போதும். எடை உங்கள் உடம்பில் பாதி வந்தால் சரி. அதைவிடக் குறைந்தால் பேக் ஊஞ்சலாடும், புதியவருக்கு அதைவிடக் கூடினால் தோள்பட்டைதான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். இரண்டு வாரத்தில் துணி ஒரு சாண் இறங்கும். திறந்து மேலே நிரப்புங்கள்.

மாட்டிய பிறகு நட்டிலிருந்து பிளேட்டுக்கு ஒரே கோடாகப் பெயின்ட் இழுத்து வையுங்கள். கோடு விலகினால் நட்டு சுற்றியிருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும். முதல் வாரம் ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கும். கேரபைனரில் (சங்கிலியை மாட்டும் பூட்டு வளையம்) சங்கிலி உரசும் இடத்தில் பள்ளம் விழுந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். தனி ஆங்கர் ஒன்றில் எஃகுக் கயிறு கட்டி, கொஞ்சம் தளர்வாகப் பேக்கின் வளையத்தில் இணைத்து வைப்பது நல்லது. கொக்கி அறுந்தாலும் பேக் காலில் விழாது.

ஸ்டாண்ட் அடிப்பதாக இருந்தால் 50 மி.மீ. சதுரப் பைப், 3 மி.மீ. கனம், இதற்குக் குறையாதீர்கள். பின்பக்கக் கால்களில் மணல் மூட்டை அடுக்கக் கம்பித் தட்டு வைக்கச் சொல்லுங்கள். மொட்டை மாடியில் வைக்கும் பலர் செய்யும் தப்பு கால்களைத் தரையில் போல்ட் போடுவது. தட்டோட்டையும் அதன் அடியில் நீர் இறங்காமல் போட்ட வெதரிங் கோர்ஸையும் துளைத்துவிட்டால் அடுத்த மழைக்கு நீர் கீழ் அறையின் சீலிங்கில் தெரியும். எடை வைத்தே நிறுத்துங்கள். நம் வெயிலில் ரெக்ஸின் வெடிக்கும், ஆகையால் மேலே ஒரு தார்ப்பாய் அவசியம்.

நிற்கும் பேக்குக்குப் பொருத்தமான இடங்களும் உண்டு. வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடாத வாடகை வீடு, பிள்ளைகளின் டேக்வாண்டோ, ஃபிட்னஸுக்காக லேசாக அரை மணி நேரம் குத்துவது. வாங்கினால் அடித்தளத்தின் கொள்ளளவைப் பாருங்கள். 100 லிட்டர் என்றால் தண்ணீரில் 100 கிலோ, உலர்ந்த மணலில் சுமார் 160. மணலின் இடுக்குகளில் தண்ணீரும் ஊற்றினால் இன்னும் 35 கிலோ ஏறும். ஆனால் அந்த ஈர மணலைத் திரும்ப வெளியே எடுப்பது பெரிய பாடு, வீடு மாறுபவர்கள் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். எம்-சாண்ட் ஈரமாகவே வரும். மாடியில் காயவைத்துச் சலித்தால்தான் சின்ன வாயில் புனல் வழியே இறங்கும். பேக் நிற்கப் போகும் இடத்திலேயே வைத்து நிரப்புங்கள், பாதி நிரம்பியதை இழுக்கும்போதுதான் அடித்தளம் விரிசல் விடுகிறது. ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே நிரப்பி, மறுநாள் இறங்கியதற்கு மேல் நிரப்புங்கள். தண்ணீர் என்றால் இரண்டு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் போட்டு மூடியை இறுக்குங்கள். மூடி தொலைந்த அடித்தளத்தில் டெங்கு கொசுதான் வளரும்.

இவ்வளவு எடையை ஃபிளாட் தாங்குமா என்றும் கேட்கிறார்கள். வீட்டு அறைகளுக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை, சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ என்று வைக்கிறது. அது அறை முழுவதற்குமான கணக்கு. 160 கிலோ அடித்தளம் ஒன்றால் நல்ல ஸ்லாபுக்கு ஆபத்தில்லை, அறையின் நட்ட நடுவைவிடப் பீமோ சுவரோ அடியில் ஓடும் ஓரம் நல்லது. வழுவழுப்பான டைல்ஸில் அது சறுக்கும். கீழே 10 மி.மீ. கனத்துக்குக் குறையாத கெட்டி ரப்பர் ஷீட் போடுங்கள். பூட்டிப் பொருத்தும் மெத்தென்ற வண்ண மேட் அந்த எடையில் அமுங்கிப் பிய்ந்துவிடும்.

இந்த வகையில் முதலில் உடைவது தண்டு அடித்தளத்தில் நுழையும் கழுத்து. ஒரே கை ஹூக்கே அதிகம் விழும்போது தண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி மரை தளரும், தளர்ந்த மரையில் ஆடும் தண்டு பிளாஸ்டிக்கைக் கிழிக்கும். வாரம் ஒருமுறை கழுத்தைப் பிடித்து இறுக்குவதும், இரண்டு மாதத்துக்கொருமுறை பேக்கைக் கால்வட்டம் திருப்பி ஃபோமின் புதுப் பக்கத்தை முன்னால் கொண்டுவருவதும்தான் அதன் பராமரிப்பு. வாங்கும்போதே கழுத்துப் பகுதி தனி உதிரியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்த மாடலை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.